ரோட்டாலை போ

"ஹெலிகொப்டரிலை ஏறக் கூடாது. சொல்லிப்போட்டன்."

மகேந்திரராசா இதைச் சொல்வது அந்த வாரத்தில் எத்தனையாவது தடவை என்று வீட்டில் யாருக்கும் நினைவில்லை. மகள் மயூரா சூட்கேசின் மேல் ஏறி உட்கார்ந்து அதைப் பூட்டப் பாடுபட்டுக்கொண்டிருந்தாள்.

மயூரா தாதி. நோர்வேயில், ஒஸ்லோவின் புறநகரான புருசெத்தில் வளர்ந்தவள். ஒஸ்லோ ஆஸ்பத்திரியொன்றின் பிரசவ வார்ட்டில் வேலை செய்கிறாள். ஆறு மாதம் சியரா லியோனில் வேலை செய்ய நாளைக்குப் பயணம். ஆபிரிக்காவுக்குப் போவதில் தகப்பனுக்கு ஒரு ஆட்சேபனையும் இருக்கவில்லை. ஆட்சேபனையெல்லாம் அங்கே இறங்கிய பிறகு போகவேண்டிய கடைசிக் கொஞ்சத் தூரத்தில்தான் இருந்தது.

அந்த ஊர் விமான நிலையத்தைக் கட்டியவர்களுக்கு வேறு இடமே கிடைக்கவில்லை போலும். விமான நிலையம் ஒரு கரையில், பிரீடவுன் நகரம் மறு கரையில். நடுவில் கடல் போல அகன்ற கழிமுகம். தாண்டுவதற்கு ஃபெரி இருக்கிறது, ஹோவர்கிராப்ட் இருக்கிறது, ஹெலிகொப்டர் இருக்கிறது. ஒன்றும் வேண்டாமென்றால் செம்மண் ரோட்டில் சுற்றிக்கொண்டு ஐந்து மணித்தியாலம் குலுங்கிக் குலுங்கிப் போகலாம். வேறு வழி இருக்கிற எவனும் அந்த ரோட்டால் போகமாட்டான் என்று இணையத்தில் யாரோ எழுதியிருந்தார்கள்.

மகேந்திரராசா அந்த ரோட்டைத்தான் பிடித்துக்கொண்டு நின்றார்.

ஃபெரியில் சனம் அள்ளுகொள்ளையாம், எப்போது வெளிக்கிடும் என்று கடவுளுக்கும் தெரியாதாம். ஹோவர்கிராப்ட் நடுத் தண்ணீரில் நின்றுவிட்டால் இறங்கித் தள்ளவும் முடியாதாம். ஹெலிகொப்டர் மகாப் பழசாம். இதையெல்லாம் தாளில் எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியும் வைத்திருந்தார்.

மனைவி வசந்தமலருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மனுஷன் பஸ் சாரதி. மூன்று நிமிடம் பிந்தினாலே இரவுச் சாப்பாடு இறங்காது. அப்படிப்பட்டவர் ஹெலிகொப்டரில் ஏழு நிமிடத்தில் முடிகிற பயணத்தை ஐந்து மணித்தியாலமாக இழுக்கச் சொன்னால் என்னவென்று நினைப்பது?

"யூன் மாசம் அங்கை மழை," என்றாள். "சேத்திலை ஜீப் புதைஞ்சால் பிள்ளை என்ன செய்யும்?"

அதுதான் அவளுடைய பயம். திங்கள் காலை எட்டு மணிக்கு மருத்துவக் குழு பிரீடவுனிலிருந்து உள்நாட்டுக்குப் புறப்படுகிறது. அதைத் தவறவிட்டால் வேலை வேறொருத்திக்குப் போய்விடும். மயூரா ஒரு வருடம் காத்திருந்து வாங்கிய வேலை. அவள் விமானத்தால் இறங்குவதோ ஞாயிறு காலை.

பின்னேரத்துக்குள் போய்ச் சேர்ந்துவிடுவாள் என்று மகேந்திரராசா அடித்துச் சொன்னார். நம்பிக்கையான டிரைவர் ஒருவரைச் சண்முகலிங்கம் ஒழுங்கு செய்திருக்கிறாராம், ஜீப் வாசலிலேயே நிற்குமாம். சண்முகலிங்கம் ஒஸ்லோவிலேயே மோர்டென்ஸ்ருட் பக்கம் இருப்பவர், பஸ் கராஜில் புதிதாக வந்து சேர்ந்த நண்பர். வசந்தமலர் அவரைக் கண்டதுகூட இல்லை.

"அப்பா, மாஸ் பண்ணாதேங்கோ," என்றாள் மயூரா. நச்சரிப்பதற்கு நோர்வேஜிய மொழியில் அதுதான் சொல். அந்த வீட்டில் அதிகம் புழங்குவதும் அதுதான்.

அப்பனும் மகளும் ஒரே அச்சு என்று வசந்தமலர் நினைத்தாள். இவர் வாகனங்களைக் கழிப்பது போலத்தான் அவள் மாப்பிள்ளைகளைக் கழிக்கிறாள். போன வருடம் மட்டும் மூன்று பேர். மூன்று பேரையும் கோப்பிக் கடையில் சந்தித்தாள், கோப்பி ஆறுமுன்னே எழும்பி வந்துவிட்டாள். கடைசியாக வந்தவன் கேக் வாங்கித் திரும்பியபோது கதிரை காலி. இனி அந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது என்று கட்டளை வேறு. இந்த இரண்டு பேரோடும் மாரடித்தே அவளுக்குத் தலை நரைத்துவிட்டது.

மறுநாள் கார்டர்மூன் விமான நிலையம் வரைக்கும் காரில் அதே சண்டைதான். பாதுகாப்புச் சோதனை வாசலில் மகேந்திரராசா திடீரென்று குரல் இறங்கிப்போய் மகளின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அப்பாவுக்காக இந்த ஒண்டை மட்டும் செய், பிள்ளை. ரோட்டாலை போ."

மயூராவுக்கு ஒரு மாதிரியாகிவிட்டது. அவர் ஒன்றையும் இப்படிக் கெஞ்சிக் கேட்டதில்லை.

"சரி, ரோட்டாலையே போறன். ஐஞ்சு மணித்தியாலமும் உங்களைத் திட்டிக்கொண்டுதான் போவன்."

தாயைக் கட்டிப்பிடித்துவிட்டுத் திரும்பிப் பார்த்துப் பார்த்து உள்ளே போனாள். அவள் தலை மறையுமட்டும் பொறுத்திருந்த வசந்தமலர் புருஷனின் பக்கம் திரும்பினாள். பிள்ளையின் இடுப்பு முறிந்தால் யார் பொறுப்பு என்று கேட்டாள். முன்பின் தெரியாத டிரைவரோடு ஒரு குமர்ப்பிள்ளையைத் தனியே அனுப்ப எப்படி மனம் வந்தது என்று கேட்டாள்.

"டிரைவர் இல்லை. சண்முகலிங்கத்தின்ரை மூத்தவன், கஜரூபன்," என்றார் அவர். "அங்கை தண்ணித் திட்டத்திலை எஞ்சினியர். நல்ல பெடியன். இன்னும் கலியாணம் கட்டேல்லை."

"அதுக்கு ரோட்டாலை ஏன் போகவேணும்?" என்றாள் வசந்தமலர்.

"ஹெலிகொப்டர் எண்டால் ஏழு நிமிசம். அதுக்குள்ளை அவனையும் வேண்டாம் எண்டிடுவாள்," என்றார் மகேந்திரராசா. "ஓடுற ஜீப்பிலை இருந்து எழும்பி எங்கை போறது?"

வசந்தமலர் அவருக்கு முன்னால் கார்த் தரிப்பிடத்துக்கு நடந்தாள். காரில் ஏறி பெல்ட்டைப் போட்டபின், மெல்லக் கேட்டாள்: "இஞ்சாருங்கோ, மழை பெய்தால் இன்னும் கொஞ்சம் கூட நேரம் எடுக்குமோ?"