மூணு மணி நேரக் கரண்ட்

"அடாப்டரை வீட்லயே வெச்சுட்டு வந்துட்டியா?"

மனைவி பெர்மெத் கேட்க, எர்கின் டிக்கியை இன்னொரு தரம் குடைந்து பார்த்தான். நெடுஞ்சாலை சார்ஜரில் இருந்தது ஐரோப்பிய பிளக். அவனுடையதோ சீனாவிலிருந்து மலிவாக வந்த மின்சாரக் கார். அடாப்டர் இல்லாமல் ரெண்டும் மாமியார் மருமகள் மாதிரி, ஒட்டவே ஒட்டாது.

தலைநகர் பிஷ்கெக்கில் கிளம்பும்போது பேட்டரி நிறைந்துதான் இருந்தது. முதல் கணவாய் ஏற்றமும் மைனஸ் இருபது குளிரும் சேர்ந்து குடித்துத் தீர்த்துவிட்டன. இப்போது நாலு சதவீதம்.

காலையில்தான் சொந்த ஊரான தொக்தகுல்லில் அப்பா போய்விட்டார். விடிந்தால் அடக்கம். மூத்த மகனான அவன் வாசலில் நின்று வாய்விட்டு அழுது, வருகிறவர்களை எதிர்கொள்ள வேண்டும். இல்லையென்றால் ஊர் ஏழு தலைமுறைக்குச் சொல்லிக்காட்டும். ஊர் கிடக்கட்டும், அப்பா முகத்தை ஒரு தடவை பார்த்துவிட வேண்டும் அவனுக்கு.

பனி கொட்டுவதால் அடுத்த கணவாயை இரவு ஒன்பதுக்கு மூடிவிடுவார்கள். மணி நாலரை.

சாலையோர கிராமத்துக்கு வண்டியை உருட்டிக்கொண்டு போய், முதலில் கண்ணில் பட்ட வெல்டிங் பட்டறையில் நிறுத்தினான். பட்டறைக்காரர் கெல்டிபெக் மறுபேச்சு பேசவில்லை.

"வெல்டிங்குக்குப் பெரிய லைன் இருக்கு. மாட்டிக்கங்க."

டிக்கியில் இருந்த, வீட்டுக் கரண்ட்டில் சார்ஜ் போடும் ஒயரை எடுத்து மாட்டினான். பச்சை விளக்கு. ரெண்டே நிமிஷத்தில் சிவப்பு. கழற்றி மாட்டினான். மறுபடி சிவப்பு.

"அவசரமா?" என்றார் கெல்டிபெக்.

"அப்பா தவறிட்டார். காலைல எடுக்கறாங்க."

அவர் சிவப்பு விளக்கையே கொஞ்ச நேரம் பார்த்தார். ஒரு ஆறுதல் வார்த்தை கிடையாது. தொப்பியை மாட்டிக்கொண்டு விறுவிறுவென்று வெளியே போய்விட்டார்.

"என்ன மனுஷன் இவர்?" என்றான் எர்கின்.

கெல்டிபெக்கின் மனைவி ரொட்டியும் ஒரு கிண்ணம் பாலும் கொண்டுவந்து வைத்தாள். பால் சில்லென்று இருந்தது. இந்தக் குளிரில்!

"டீ கிடைக்குமா, அக்கா?"

"இப்ப முடியாது தம்பி. கோச்சுக்காதே." அவள் நிற்காமல் போய்விட்டாள்.

சன்னல் வழியே தெரு தெரிந்தது. இருட்டத் தொடங்கியிருந்தது. எதிர் வீட்டில் விளக்கு அணைந்தது. பிறகு அடுத்த வீட்டில். பிறகு அந்த வரிசை முழுக்க.

"பாத்தியா பெர்மெத்? எங்க நாம போய்க் கதவைத் தட்டிடுவோமோன்னு அணைச்சிட்டுப் படுக்கறாங்க. மணி அஞ்சுகூட ஆகல!"

"சும்மா இரு. உனக்கெப்படித் தெரியும்?"

"வேறென்ன? சொல்லாம வர்றவன் கடவுள் அனுப்பின விருந்தாளின்னு வாய் கிழியப் பேசுவோம். நம்ம ஜனம் மாறிப்போச்சு! அதோ பாரு, கடைசி வீட்ல மட்டும் விளக்கு எரியுது. இந்த ஊர்ல மனுஷங்கன்னா அவங்க ஒருத்தர்தான்."

கோபத்தில் ஒயரைப் பிடுங்கி இன்னொரு தரம் மாட்டினான். பச்சை. ஒரு நிமிஷம், ரெண்டு நிமிஷம், பத்து நிமிஷம் ஆகியும் பச்சை.

"ஒருவழியா வண்டிக்காவது புத்தி வந்துச்சு!"

ஏழே முக்கால். திரையில் நாற்பத்தொன்று. உச்சி வரை ஏற அது போதும். அப்புறம் இறக்கம்தான், வண்டி தானே சார்ஜ் ஏற்றிக்கொள்ளும்.

அப்போதுதான் கெல்டிபெக் திரும்பி வந்தார். மூக்கு சிவந்து, மீசையில் பனி உறைந்திருந்தது.

"ரொம்ப நன்றி," என்றான் எர்கின். வாய் சும்மா இருக்கவில்லை. "உங்க ஊர்ல எல்லாரும் சீக்கிரமே தூங்கிடுவாங்க போல?"

"யாரு தூங்கினா? போதுமான்னு பாருங்க. இன்னும் வேணும்னா இருக்கட்டும்."

"போதும்."

எர்கின் பிளக்கைப் பிடுங்கினான். கெல்டிபெக் தெருவில் இறங்கி, கையைக் குவித்துக் கத்தினார்.

"எடுத்தாச்சு! மெயினைப் போடுங்க!"

தெருவின் அந்த முனையிலிருந்து இந்த முனை வரை வீடுகளில் விளக்குகள் பளிச்பளிச்சென்று எரிந்தன. ஒவ்வொரு சன்னலிலும் ஆட்கள், வீட்டுக்குள்ளேயே ஆட்டுத்தோல் கோட்டும் காது மூடிய தொப்பியுமாக. எதிர் வீட்டில் ஒரே ரஜாய்க்குள்ளிருந்து நாலு பிள்ளைகள் தலை நீட்டின. அவனைப் பார்த்துக் கை வேறு ஆட்டின.

பெர்மெத் அழுதுகொண்டிருந்தாள்.

"பழைய ட்ரான்ஸ்ஃபார்மர்," என்றார் கெல்டிபெக். "ஊரே ஹீட்டர் போட்டிருந்தா உங்க வண்டிக்குக் கரண்ட் எட்டாது. அதான் வீடு வீடாப் போய் மெயினை இறக்கச் சொன்னேன்."

"இந்தக் குளிர்லயா? மூணு மணி நேரமா? எல்லாருமா ஒத்துக்கிட்டாங்க?"

"அந்தக் கடைசி வீட்டுப் பொண்ணு மட்டும்தான் சொன்ன பேச்சு கேக்கல. பிரசவமாகி அஞ்சு நாள் ஆகுது."

"ஐயோ, பச்சைக் குழந்தையை வெச்சுக்கிட்டு அவங்க எப்படி அணைப்பாங்க?"

"நீங்க வேற! அணைக்காதேன்னு சொன்னதே நான்தான். 'சாவுக்குப் போற மனுஷனுக்கு எங்க வீட்டுக் கரண்ட் மட்டும் ஆகாதா?'ன்னு அவ மெயின்ல கையை வெச்சுக்கிட்டு, மூணு மணி நேரமா என்கூட சண்டை!"