நகத்தில் ஏறிய நீலம்

ஆம்பூர் தோல் ஷெட்டில் சாப்பாட்டு மணி அடித்து ஓய்ந்திருக்கிறது. தகரக் கூரை வெயிலைக் கீழே கொட்டுகிறது. டிபன் டப்பாவில் சாய்த்து வைத்த போனில் நிஷாவின் புருஷன் ஆல்வின் தெரிகிறான். தோஸ்துகளோடு பைக்கில் லடாக் போனவன். மெல்லிய மலைக் காற்று உடம்புக்குப் பழக லே ஊரில் ரெண்டு நாள் படுத்து எழுந்துவிட்டு மேலே ஏறுங்கள் என்று ஆளாளுக்குச் சொன்னதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் மறுநாளே ஏறிவிட்டான். இப்போது தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருகுவதற்கே மூட்டை தூக்கியவன் மாதிரி மூச்சிரைக்கிறான்.

“தலவலி இருக்கா?”

“கம்மிதான்...” என்று சொல்லி நின்று, மூச்சை இழுத்துக்கொள்கிறான்.

“வாந்தி?”

“இல்ல...”

“காலையிலேர்ந்து அதே வேலதான் அண்ணி,” என்கிறது பின்னாலிருந்து கூட்டாளி வசந்தின் குரல்.

நிஷாவுக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. பிசைந்த சோறு விரலிலேயே காய்கிறது.

“இன்னா வீம்பு உங்களுக்கு? கைய காட்டுங்க.”

காட்டுகிறான். உதட்டைப் போலவே பத்து நகமும் நீலம் பாரித்துக் கிடக்கின்றன.

“சாயம்... இன்னும் போகல.”

இருவருக்கும் தோலுக்குச் சாயம் ஏற்றும் ஒரே டிரம்மில்தான் வேலை. நிஷா சோற்றை உதறிவிட்டுத் தன் நகங்களைப் போனுக்கு நேரே நீட்டுகிறாள். அத்தனையும் பழுப்பு.

“நம்ம டிரம்முல இந்த வருஷம் பூரா பிரவுன்தானே ஓடுது?”

ஆல்வின் கையை மெல்ல ஜாக்கெட்டுக்குள் இழுத்துக்கொள்கிறான்.

“வசந்த், இவர ஏதாச்சும் ஜீப்ல ஏத்திக் கீழ கூட்டினு போ. பைக்கு அங்கியே கெடக்கட்டும்.”

பைக்கைத் தொட்டாலே சண்டைக்கு வருகிறவன். இப்போது ஜாக்கெட்டிலிருந்து பைக் சாவியை எடுத்து வசந்த் பக்கம் நீட்டுகிறான்.