பூரணி தேய்த்த கதண்டு

மலையேறப் போனவர்களின் மூட்டைகளைச் சுமந்துகொண்டு, ஒரே கயிற்றில் பிணைத்த இரண்டு கழுதைகள் போய்க்கொண்டிருந்தன. முன்னால் பூரணி, பின்னால் சாம்பலி. வழியில் கதண்டு ஒன்று, பெரிய குளவி, வந்து பூரணியின் கழுத்தில் உட்கார்ந்தது.

பின்னாலிருந்து சாம்பலி மெதுவாகச் சொன்னது: "அக்கா, அலட்டாம நட. அது கூட்டுக்குக் காவக்காரி. பாத்துட்டுப் போயிரும். நசுக்கினா அந்த வாடைக்கு மொத்தக் கூடும் வந்துரும். ஒன் கயித்துலதான் நானும் கெடக்கேன்."

"போடி பயந்தாங்கொள்ளி! ஊரார் பொதியெல்லாம் சுமக்கிறவ, இத்தனூண்டுப் பூச்சியையுமா சுமக்கணும்?" என்ற பூரணி, பாறையில் கழுத்தை வைத்து ஒரே தேய்ப்பாகத் தேய்த்தது. "பாத்தியா, தீந்துச்சு!"

பக்கத்து மரத்துக் கூட்டிலிருந்து இரைச்சலோடு கதண்டுகள் கிளம்பின. ஆட்கள் மூட்டைகளை மறந்து ஓடிவிட்டார்கள். கழுதைகள் ஆளுக்கொரு பக்கம் இழுத்தன. கயிறு இரண்டையும் விடவில்லை.

கதண்டுகள் ஓய்ந்தபோது இரண்டும் பள்ளத்தில் கிடந்தன. பூரணிக்குக் கண் வீங்கி மூடி, மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. அப்போதும் கேட்டது: "ஏண்டி, நான் தேச்சேனே, அது திரும்பி வந்துச்சா?"

சாம்பலிக்கு நாக்கு தடித்துப் போயிருந்தது. "இல்லக்கா," என்றது. "அது மட்டும் வரல."