திரைக்குப் பின்னால் ஒரு நாற்காலி

ஜோகுபாளையம் பங்குக் கோயிலில் கிறிஸ்துமஸ் நாடகங்களை எழுதி, திரைக்குப் பின்னால் உட்கார்ந்து வசனமும் எடுத்துக்கொடுத்து வந்தவர் ஓஸ்வால்ட். ஜூன் மாதம் இறந்துபோனார். இந்த டிசம்பரில் அவருடைய பழைய நாடகத்தையே போட்டார்கள். அவர் நாற்காலி காலியாகவே கிடந்தது.

வானதூதராக நின்ற சிறுமி லவினா வசனத்தை மறந்துவிட்டாள். வழக்கம்போலத் திரைப் பக்கம் காதைச் சாய்த்தாள். பிறகு கூட்டத்தைப் பார்த்துக் கணீரென்று சொன்னாள்:

“டோரீன், ஸ்கார்ஃபைக் காதோட இழுத்துக் கட்டு. பனி விழுது.”

எல்லோரும் சிரித்தார்கள். முன்வரிசையில் இருந்த ஓஸ்வால்டின் மனைவி டோரீன் மட்டும் ஸ்கார்ஃபை இழுத்துக் கட்டிக்கொண்டார்.

நாடகம் முடிந்ததும் லவினாவைத் தேடிப் போனார்.

“அவர் வேற என்ன சொன்னார், கண்ணு?”

“சொல்லிட்டேதான் இருந்தார் ஆன்ட்டி. அதுக்குள்ள எனக்கு என் டயலாக் ஞாபகம் வந்துடுச்சு.”