செண்பகம் வீட்டுத் தயிர்

"காய்ச்சலுக்குப் போட்ட மாத்திரை குடல்ல இருக்கிற நல்ல பாக்டீரியாவையும் அழிச்சிடுச்சாம்பா. அதுங்க திரும்பப் பெருகினாத்தான் உங்க வயித்துப் புண்ணு ஆறுமாம். டாக்டர் தயிர் சாப்பிடச் சொன்னாரு," என்று மகள் வாசுகி கெஞ்சினாள்.

"கடைத் தயிர் எறங்கலம்மா. உங்கம்மா தயிர்னா சாப்பிடுவேன்," என்று தணிகாசலம் கிண்ணத்தைத் தள்ளிவைத்தார்.

வாசுகி சற்று யோசித்தாள். பிறகு அதே மூலக்குளத்தில் அடுத்த தெருவிலிருந்த, அம்மாவுக்குப் பழக்கமான மரி-க்ளேர் வீட்டுக்குப் போய், ஒரு தூக்கில் தயிர் வாங்கிவந்து ஊற்றினாள்.

ஒரு வாய் வைத்ததும் தணிகாசலத்தின் கண்கள் கலங்கின. அதே மணம், அதே இலேசான புளிப்பு. பிள்ளைகள் சிறுசாக இருந்தபோது எல்லாரும் வட்டமாக உட்கார்ந்து சாப்பிட்டது நினைவுக்கு வந்தது.

"இது செண்பகம் தயிராச்சே!"

"ஆமாம்பா."

"அவ செத்து மூணு வருஷமாச்சேடி..."

"அம்மா செத்தப்ப நம்ம வீட்ல யாரும் பால் தோய்க்கல, உறை அத்துப்போச்சி. ஆனா மரி-க்ளேர் அக்கா முன்னாடியே அம்மாகிட்ட உறை வாங்கியிருக்காங்க. இன்னிவரைக்கும் அதையே விடாம தோய்ச்சிட்டு வர்றாங்க."

தணிகாசலம் மெல்ல மெல்லச் சாப்பிட்டு முடித்தார். தூக்கில் மீதியிருந்ததையும் வாசுகி ஊற்ற வந்தபோது கையால் மறித்தார்.

"வேணாம்மா. போய் பால் காய்ச்சு. நம்ம வீட்லயும் உறை ஊத்தணும்."