ஏழு நிமிஷம்

"நேத்து லைப்ரரிக்கு லீவு. பூட்டின கதவுக்கு வெளியே நின்னு என்னடி படிச்சே?"

ஒரு காலில் மட்டும் செருப்பை மாட்டியிருந்த மகள் அப்படியே நின்றாள். அம்மா வாசற்கதவைச் சாத்தி, போதாக்குறைக்கு அதிலேயே சாய்ந்துகொண்டாள். மணி ஐந்தாகப் போகிறது.

"பக்கத்துல ஒரு வேலை இருந்ததும்மா..."

"ஸ்கூல் முடிச்சுட்டு வீட்ல இருக்கற பொண்ணுக்கு, தினமும் சாயங்காலம் அஞ்சு மணிக்கு அப்படி என்ன வேலை?"

சந்தேகம் அம்மாவின் கூடப்பிறந்தது. பாலில் தண்ணீர் கலக்கிறார்கள். கேஸ் சிலிண்டர் எடை குறைகிறது. பக்கத்து வீட்டு வாண்டுகள் இவர்கள் ஸ்கூட்டரின் கண்ணாடியைத் திருப்பிவிட்டு ஓடுகின்றன. தினமும் காலையில் வண்டியைத் துடைக்கும்போது அதை நேராக்கி, நாலு வார்த்தை திட்டினால்தான் அவளுக்குப் பொழுதே விடியும். ஆனால் இதுவரை யாரையும் கையும் களவுமாகப் பிடித்ததில்லை. இன்றைக்குத்தான் ஒரு ஆள் சிக்கியிருந்தாள்.

சாப்பாட்டு மேஜையில் ஒரு விண்ணப்பப் படிவம் கிடந்தது. இன்ஷூரன்ஸ் படிப்பு, நாளைக்குக் கடைசி நாள். அப்பா ஆசையாக வாங்கிவந்து, பெயர் முகவரியெல்லாம் அவரே நிரப்பியிருந்தார். "நம்ம இன்ஷூரன்ஸ் ஆபீஸ் மாதிரி வருமா? ராஜா வேலை!" என்று இருபது வருஷமாகச் சொல்பவர். மனசில் ஒன்று, வெளியில் ஒன்று வைக்கத் தெரியாத மனிதர் என்று அம்மாவே நற்சான்று கொடுத்திருக்கிறாள். மகளின் கையெழுத்து மட்டும்தான் பாக்கி. பத்து நாளாகப் பாக்கி.

"கையெழுத்துப் போடுன்னா போட மாட்டேங்கற. வேற என்ன படிக்கறேன்னு கேட்டா தெரியலைங்கற. இப்பத்தானே புரியுது, மனசு எங்கே சுத்துதுன்னு."

மெத்தைக்கு அடியிலிருந்து எடுத்த நோட்டை அம்மா மேஜைமேல் போட்டாள். மகளின் முகம் வெளுத்தது.

"இது யாரு? 'பல் டாக்டர். வெளியே வந்ததும் கழுத்தைப் பிடித்துக்கொண்டார். லிஃப்ட் மெக்கானிக். விசில் அடித்துக்கொண்டே போனார். வக்கீலம்மா. போனில் யாரையோ திட்டினார், வைத்துவிட்டுத் தானே சிரித்தார்.' என்னடி, போலீஸ்ல சேர்ந்துட்டியா?"

"காலேஜ்ல கொடுக்கற புத்தகத்துல எல்லாரும் சிரிச்சுக்கிட்டே நிக்கறாங்கம்மா. எதைப் பார்த்தாலும் அதுதான் நல்ல வேலைன்னு போட்டிருக்கு. எனக்கு எது சரிப்படும்னே தெரியலை. பயமா இருக்கு. அதான், வேலை முடிஞ்சு வெளியே வரும்போது அவங்க மூஞ்சி எப்படி இருக்குன்னு பார்த்தேன். அப்ப யாரும் பொய் சொல்ல மாட்டாங்கல்ல?"

"யார் காதுல பூ சுத்தற?"

"சத்தியமாம்மா."

நம்பிவிடலாமோ என்று ஒரு கணம் அம்மாவுக்கே தோன்றியது. அடுத்த பக்கம் விடவில்லை.

"சரி. ஊர்ல எல்லாருக்கும் ஒரு வரி. இந்த 'ஏழு நிமிஷத்து'க்கு மட்டும் நாளுக்கு ஒரு பக்கமா? பேரு இல்லை, என்ன வேலைன்னு இல்லை. யாரு இவன்?"

மகள் தரையைப் பார்த்தாள். அம்மா வரிக்கு வரி விரல் வைத்து வாசித்தாள்.

"'ஐந்து பத்துக்கு வந்தார். வண்டியில் உட்கார்ந்தார், கிளப்பவில்லை. ஹேண்டில்மேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். ஏழு நிமிஷம். பிறகு கைக்குட்டையால் முகத்தை அழுத்தித் துடைத்து, வண்டிக் கண்ணாடியைத் தன் பக்கம் திருப்பி, சிரித்துப் பார்த்தார். சரியாக வரவில்லை. மறுபடி சிரித்துப் பார்த்துவிட்டுக் கிளம்பினார்.' மறுநாளும் இதே. அதுக்கு மறுநாளும் இதே. நேத்து என்னன்னா..." அம்மா பக்கத்தைப் புரட்டினாள். "'ஓடிப்போய்க் கையைப் பிடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.' கையைப் பிடிக்கணுமா உனக்கு? என்ன வயசு அவனுக்கு?"

"...அப்பா வயசுதான்."

"கல்யாணம் ஆனவனா?"

"ஆனவர்."

அம்மா நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தாள்.

"நீ பார்க்கறது அந்த ஆளுக்குத் தெரியுமா?"

"தெரியாது. தெரியவும் கூடாது. அம்மா, நான் கையெழுத்துப் போட்டுடறேன். இப்பவே போடறேன். அந்த நோட்டைக் கொடு, கிழிச்சுடலாம்."

பத்து நாளாகப் பேனாவைத் தொடாதவள் இப்போது மேஜை இழுப்பறையில் பரபரவென்று பேனாவைத் தேடினாள். அம்மா படிவத்தை வெடுக்கென்று தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"அவன் மேல அவ்வளவு கரிசனமா?"

"ஆமா."

அடுத்த இருபது நிமிஷம் அதட்டியும் கெஞ்சியும் பார்த்தாயிற்று. பெயர் மட்டும் வரவில்லை.

"சரி, அப்பா வரட்டும். அவர் விசாரிக்கிற விதத்துல விசாரிக்கட்டும். அந்த ஆளை நேர்லயே போய்ப் பார்த்துட்டு வரட்டும்."

"அப்பாகிட்ட மட்டும் வேண்டாம்மா! உன் கால்ல வேணா விழறேன்." மகள் அழுதேவிட்டாள்.

வாசலில் ஸ்கூட்டர் வந்து நின்றது. அம்மா நோட்டும் கையுமாகப் போய்க் கதவை அகலத் திறந்தாள்.

"அடடே, வாசல்லயே வரவேற்பா!" அப்பாவுக்கு முகம் கொள்ளாத சிரிப்பு. "இன்னிக்கு ஆபீஸ்ல பிரமாதம் போ! என்ன கண்ணு, ஃபாரத்துல கையெழுத்துப் போட்டாச்சா?"

"முதல்ல இதைப் படிங்க" என்று நோட்டை நீட்டிய அம்மாவின் கை, அவர் தோளுக்குப் பின்னால் பார்வை போனதும் பாதியிலேயே நின்றது. தெருவில் வாண்டுகள் ஒன்றுகூட இல்லை. அந்த நொடி வந்து நின்ற ஸ்கூட்டரின் கண்ணாடி மட்டும், பின்னால் கிடந்த ரோட்டைப் பார்க்காமல், சீட்டைப் பார்த்துத் திரும்பியிருந்தது.