ஆறு பழைய கதவுகள்

லிந்துலையில் புதிதாக எழுந்த சுற்றுலா விடுதியின் கூடத்தில் பசுமைக் கட்டுநர் சங்கத்தார் கூடியிருந்தார்கள். சங்கம் வழங்கும் முதல் சான்றிதழ் அந்த விடுதிக்குத்தான். அதற்காக ஒரு வருடம் அலைந்த செயலாளர் சிவதர்சினி, கதவுகளைப் பொருத்திய தச்சர் மாயழகை முன்னால் அழைத்தாள்.

"புது மரம் ஒண்டும் வெட்டாமல் வேலையை முடிச்சிருக்கிறியள் அண்ணை. இந்தக் கதவுகள் எங்கயிருந்து வந்ததெண்டு எல்லாருக்கும் சொல்லுங்கோ."

"மேல் டிவிசன் லயத்துலருந்துங்க மேடம்."

"தேயிலைத் தோட்டத் தொழிலாளரின்ர வரிசை வீடுகள். ஆக்கள் இல்லாமல் கிடந்த லயம்," என்று அவள் விளக்கினாள். எல்லாரும் கைதட்டினார்கள்.

"ஆறு குடும்பம் இருந்தோம்ங்க," என்றார் மாயழகு. "மூணாவது கதவு என்னோடதுதான். அதான் மாட்ட லேசா இருந்துச்சு. இப்ப கோயில் மண்டபத்துல இருக்கோம்."

கைதட்டல் நின்றது.

"ஆக்கள் இருக்கேக்க எப்பிடி உடைச்சவை?" என்று கேட்டாள் சிவதர்சினி.

"ஆளே இல்லைன்னு ஒரு கடுதாசியக் காட்டி எங்கள வெளிய எறக்கிட்டாங்க. பாக்க வந்தவங்க பகல் பத்து மணிக்கு வந்திருக்காங்க. அந்நேரம் நான் வேலையில, பொஞ்சாதி கொழுந்து மலையில, புள்ளைங்க ஸ்கூல்ல. எல்லா வீடும் பூட்டித்தாங்க கெடக்கும்."

தோட்டத்து ஆபீஸில் காட்டிக் காட்டி மடிப்புக் கிழிந்த நகலை அவர் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். சிவதர்சினி விரித்தாள். பழைய மரம் எடுக்கலாமென்று சங்கம் கொடுத்த ஆய்வறிக்கை.

'ஆறு வீடுகளும் பூட்டிக் கிடக்கின்றன. ஆளில்லை.'

கீழே இருந்தது அவளுடைய கையெழுத்து.